திட்டமிட்ட டிராவும் கிடைத்த டிராவும்: பெர்லின் தொடக்கத்தில் ஒரு கடைசிச் சுற்று ஆட்டம்

இது ஸ்விஸ் முறையில் (ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறையச் சம புள்ளி உள்ளவர்கள் மோதும் முறை) நடந்த ஒரு சதுரங்கப் போட்டியின் ஒன்பதாவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில், நடந்த ஆட்டத்தின் பதிவு. வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் என்னிடம் பயிலும் பதினேழு வயது மாணவி. 84 நகர்வுகள், நாலேகால் மணி நேரம், முடிவு டிரா. ஆட்டத்துக்கு முன்பே நாங்கள் விரும்பிய முடிவும் அதுதான். ஆனால் விரும்பிய டிரா 14 நகர்வில் முடிந்திருக்க வேண்டியது. கிடைத்தது வேறொரு டிரா. இரண்டுக்கும் நடுவில் நடந்ததில் பெரும்பங்கு பயிற்சியாளரான என் தவறு என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

கட்டங்களை ஏ முதல் ஹெச் வரை, 1 முதல் 8 வரை என வழக்கப்படி குறித்திருக்கிறேன். காயின் பெயர் வராத நகர்வு சிப்பாயுடையது. எண்ணுக்குப் பின் முதலில் வருவது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு.

பின்னணி

எட்டுச் சுற்று முடிவில் மாணவிக்கு 6 புள்ளி. கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி எடுத்தால் அவருடைய ரேட்டிங் (ஆட்டத்திறன் மதிப்பெண்) பிரிவில் முதல் மூன்று இடங்களுக்குள் வருவது உறுதி. எதிராளிக்கும் 6 புள்ளிதான், ஆனால் ரேட்டிங்கில் கிட்டத்தட்ட இருநூறு அதிகம். அவருடைய டை-பிரேக் (சம புள்ளி எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் கணக்கு) மோசமாக இருந்ததால் அரைப் புள்ளி அவருக்கு எதற்கும் உதவாது. ஜெயித்தால்தான் பரிசுப் பட்டியலில் இடம்.

அந்த விவரம் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலிலேயே இருந்தது. பார்த்தேன், ஆனால் அதன் பொருளை யோசிக்கவில்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்ற கணக்கிலேயே மூழ்கியிருந்தேன்.

நேரக் கட்டுப்பாடு ஆளுக்கு 90 நிமிடம், முதல் நகர்விலிருந்தே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். 30 நகர்வு முடியும் முன் இருவரும் பேசி டிரா செய்துகொள்ளக் கூடாது என்பது போட்டியின் விதி. இப்படிப்பட்ட தடை 2005இல் சோஃபியாவில் நடந்த எம்டெல் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் பிறகு ‘சோஃபியா விதி’ என்ற பெயரில் பரவலானது. பேசி முடிப்பதைத்தான் அது தடுக்கும். ஒரே நிலை மூன்று முறை வந்து, ஆட்டக்காரர் உரிமை கோரினால் அதைத் தடுக்காது. தடை உள்ள போட்டிகளில் டிரா வேண்டுபவர்கள் வழக்கமாக நுழைகிற சந்து இது. நானும் அதற்குள்தான் நுழைந்தேன்.

முந்தைய இரவு எடுத்த முடிவு

எதிராளி அந்தப் போட்டியில் இ4-க்கு எதிராக இரண்டு முறை பெர்லின் டிஃபென்ஸ் ஆடியிருந்தார். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. மந்திரி பி5 குதிரை எஃப்6. பழைய தொடக்கம்தான். இன்றைய மவுசு வந்தது 2000இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் பட்டப் போட்டிக்குப் பிறகு. சவால்விட்ட கிராம்னிக் கறுப்பில் இதை நான்கு முறை ஆடினார், நான்கும் டிரா. சாம்பியன் காஸ்பரோவால் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. 8.5–6.5 என்று பட்டம் கைமாறியது. அன்று முதல் பெர்லின் என்றாலே டிரா என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. அது பாதி உண்மைதான். 2014இல் சோச்சியில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் நடந்த பட்டப் போட்டியை முடித்துவைத்த 11வது ஆட்டமும் பெர்லின்தான். அதில் கறுப்பு ஆடிய ஆனந்த் தோற்றார்.

மாணவி இதுவரை பெர்லினுக்கு எதிராக 4. டி3 ஆடி வந்தவர். நிதானமான ஆட்டம், காய்கள் அதிகம் பலகையில் இருக்கும், அவருக்குப் பழகிய நிலைகள். அன்று இரவு நான் அதை மாற்றச் சொன்னேன். காரணம், வெள்ளை நினைத்தால் நுழையக்கூடிய பெயர்பெற்ற டிரா வரிசை ஒன்று இருக்கிறது:

4. கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) குதிரை இ4-ல் சிப்பாயை வெட்டு 5. டி4 குதிரை டி6 6. டி சிப்பாய் இ5-ல் வெட்டு, குதிரை பி5 மந்திரியை வெட்டு 7. ஏ4 பி5 குதிரை டி4 8. குதிரை டி4-ல் வெட்டு, குதிரை டி4-ல் வெட்டு 9. ராணி டி4-ல் வெட்டு டி5 10. இ5 சிப்பாய் ஆன் பாசான் முறையில் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை ஒரு கட்டமே நகர்ந்ததுபோல வெட்டுவது) டி6-ல் வெட்டு, ராணி டி6-ல் வெட்டு 11. ராணி இ4 செக் ராணி இ6 12. ராணி டி4 ராணி டி6 13. ராணி இ4 செக்...

இப்படியே சுற்றிக்கொண்டிருக்கலாம். 10, 12, 14 ஆகிய நகர்வுகளில் கறுப்பு ராணி டி6-க்கு வந்த பிறகு அதே நிலை, அதே வெள்ளையின் முறை. மூன்று முறை ஆகிவிட்டது, நடுவரை அழைக்க வேண்டியதுதான். அன்று இரவு இந்த எண்ணிக்கையைத்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தோம்: பத்து, பன்னிரண்டு, பதினான்கு. உரிமை கோரும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். நாம் ஆடப்போகும் நகர்வால் நிலை மூன்றாம் முறை வருவதாக இருந்தால் காயைத் தொடக் கூடாது. நகர்வை ஸ்கோர்ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் சொல்ல வேண்டும். எதிராளி ஆடி முடித்த நகர்விலேயே மூன்றாம் முறை வந்துவிட்டால் எழுதவும் வேண்டாம், காயைத் தொடாமல் அப்படியே கோரலாம்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். “அவங்க ராணியை இ6-ல வைக்கலைன்னா, சார்?” எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் படுக்கச் சொன்னேன். மணி பதினொன்றரை. இந்த ஆய்வில் எந்த இடத்துக்காவது திரும்பிப் போய் மாற்ற முடியும் என்றால் அந்த ஒரு பதிலை மாற்றுவேன்.

முதல் 12 நகர்வுகள்

11வது நகர்வு வரை எல்லாம் எழுதி வைத்தபடி. ராணி இ4, செக். மாணவியின் கடிகாரத்தில் 1 மணி 33 நிமிடம், தொடங்கியதைவிட அதிகம். எதிராளி ஒன்பது நிமிடம் யோசித்தார். பிறகு ராணியை இ6-க்கு அல்ல, இ7-க்குக் கொண்டுபோனார்.

இது அபூர்வமான நகர்வோ பொறியோ அல்ல. செக்கை மறைக்கும் இன்னொரு வழி, அவ்வளவுதான். நகர்வை விட அதன் பின்னால் இருந்த முடிவுதான் கனமானது: நான் திரும்பத் திரும்ப ஆடமாட்டேன். ஜெயித்தே ஆக வேண்டியவர் வேறென்ன செய்வார்?

நிலையைக் கொஞ்சம் பார்ப்போம். சிப்பாய்கள் ஆளுக்கு ஆறு, வெள்ளைக்கு ஏ, பி, சி, எஃப், ஜி, ஹெச் வரிசைகளில், கறுப்புக்கும் அதே வரிசைகளில். ஆனால் வெள்ளையிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும், கறுப்பிடம் இரண்டு மந்திரிகள். பலகை திறந்து கிடக்கிறது. ராணிகள் போய்விட்டால் ஒரு குதிரைக்கு எதிராக அந்த மந்திரி ஜோடி மெல்ல மெல்லப் பேசத் தொடங்கும். அதோடு 7வது நகர்வில் குதிரையை விரட்டுவதற்காக ஏ4 போனதால், பி4 கட்டத்தை இனி ஏ வரிசைச் சிப்பாயால் காக்க முடியாது. இந்த வரிசையில் நகர்வுகள் திரும்பத் திரும்ப வருவது வெள்ளைக்கு நல்லதாக இருப்பதற்குக் காரணமே இதுதான். ராணிகளை மாற்றிக்கொண்டால் கறுப்புக்கு லேசான மேன்மை. இந்தக் காரணத்தை மாணவிக்கு நான் சொல்லித் தரவில்லை. முடிவைத் தந்தேன், காரணத்தை விட்டுவிட்டேன்.

27 நிமிடம் யோசித்தார். என்ன யோசித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். “பயம் வரல சார், கோபம்தான் வந்துச்சு. திரும்ப எப்படி ரிப்பீட் பண்ண வைக்கறதுன்னே பாத்துட்டு இருந்தேன்” என்றார். பலகையில் இருந்த நிலையை அவர் பார்க்கவில்லை, வராமல் போன நிலையைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் “ராணி இல்லாவிட்டால் டிரா சுலபம்” என்ற பொதுவான நம்பிக்கையில் 12. ராணி இ7-ல் வெட்டு, செக்; மந்திரி இ7-ல் வெட்டு. கடிகாரம் 1 மணி 6 நிமிடம்.

பலகையில் வேறு வழி இருந்தது. 12. ராணி டி4 என்று ராணியை வைத்துக்கொண்டிருக்கலாம். கறுப்பு ராஜா இன்னும் நடுவில், கறுப்பு ராணி தன் எஃப்8 மந்திரிக்கே வழியடைத்து நிற்கிறது, வெள்ளை யானை இ1-க்கு வரத் தயார். உதாரணமாக 12... மந்திரி இ6 13. குதிரை சி3. இப்போது கறுப்பு ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்தால் ஏ7 சிப்பாய் போய்விடும். வெள்ளைக்குப் பெரிய வெற்றி வாய்ப்பு என்று சொல்லவில்லை. ஆனால் யோசிக்க வேண்டிய கட்டாயம் எதிராளி பக்கம் போயிருக்கும். டிரா தேவைப்படுபவர் காய்களைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே இருந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் ஆட்டம் சறுக்கியது.

13 முதல் 57 வரை

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13. யானை இ1 மந்திரி இ6 14. குதிரை சி3 சி6. குதிரைக்குப் பி5, டி5 இரண்டு கட்டங்களும் அடைபட்டன. கணினியைக் கேட்டால் ஏறக்குறைய சமம் என்றுதான் சொல்லும். ஆனால் கறுப்புக்கு ஆட நிறைய இருக்கிறது, வெள்ளைக்குக் காத்திருப்பதைத் தவிர எதுவும் இல்லை. 19வது நகர்வில் கருமை கட்டத்து மந்திரிகள் மாறின. கறுப்பிடம் மிஞ்சியது வெண்மை கட்டத்து மந்திரி. வெள்ளையின் ஏ4, சி2 சிப்பாய்கள் இரண்டும் வெண்மை கட்டங்களில்தான் நின்றன.

24வது நகர்வில் ஒரு ஜோடி யானை மாறியது. 31-ல் கறுப்பு யானை டி2-க்குள் நுழைந்தபோது மாணவியிடம் எட்டு நிமிடம்தான் இருந்தது. 34-ல் சி2 போனது. 41-ல் மந்திரியும் குதிரையும் மாறின. ஆளுக்கு ஒரு யானை, கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம்.

நான் ஆட்ட அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

ஆனால் அவருடைய நல்ல முடிவுகள் இங்கேதான் தொடங்குகின்றன. இருக்கிற சிப்பாய்களைக் கட்டிக் காப்பதை விட்டுவிட்டு, கிடைத்த இடத்தில் எல்லாம் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றினார். யானை இறுதியாட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவருக்கு, பலகையில் சிப்பாய்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 57வது நகர்வில் பலகையில் மிஞ்சிய ஒரே சிப்பாய் கறுப்பின் சி5. வெள்ளை ராஜா சி1-ல், சிப்பாயின் வழியில். வெள்ளை யானை ஹெச்3-ல்.

பிலிடோர் நிலை

யானையை மூன்றாம் வரிசையில் நிறுத்தியது தற்செயல் அல்ல. சிப்பாயின் முன்னால் ராஜா, எதிரி ராஜா முன்னேற முடியாதபடி மூன்றாம் வரிசையில் யானை. கறுப்பு தற்காக்கும்போது இதே வரிசை ஆறாவது. 1777இல் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் விளக்கிய தற்காப்பு இது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. எதிரி ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வரும் வரை யானை அந்த வரிசையை விட்டு விலகாமல் பக்கவாட்டில் மட்டும் போய்வர வேண்டும். வந்ததும் பலகையின் மறுகோடிக்கு ஓடி, பின்னாலிருந்து செக் வைக்க வேண்டும். சிப்பாய்க்கு முன்னால் இருந்த, எதிரி ராஜா ஒளியக்கூடிய கட்டத்தில் இப்போது சிப்பாயே நிற்பதால், அந்த ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது.

பலர் இந்த இடத்தில் யானையையும் முதல் வரிசைக்கு இழுத்து ராஜாவோடு சேர்த்து நிறுத்தப் பார்ப்பார்கள். ஓரச் சிப்பாய்க்கும் அதற்கு அடுத்த குதிரை வரிசைச் சிப்பாய்க்கும் எதிராக அது தாங்கும். சி வரிசையில் தாங்காது.

இந்த இறுதியாட்டத்தை இரண்டு வருடங்களாக வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், கடிகாரம் வைத்து ஆட வைத்திருக்கிறேன். அவருக்கு அதில் சலிப்பு உண்டு. முந்தைய இரவு தந்த தொடக்க வரிசையைப் போலன்றி, இதில் எந்தத் திசையில் எதிராளி விலகினாலும் என்ன செய்வது என்று அவர் கைக்குத் தெரியும்.

58-ல் சிப்பாய் சி4-க்கு வந்தது. கறுப்பு ராஜா டி4-ல், யானை ஏ2-ல். 60வது நகர்வை ஆடி, கடிகாரத்தை அழுத்தும் முன் டிரா கேட்டார். முறை சரிதான். எதிராளி தலையசைத்து மறுத்துவிட்டார். அதுவும் சரிதான். ரேட்டிங் குறைந்தவர், கடிகாரத்தில் ஒன்றிரண்டு நிமிடம், கூடுதல் விநாடிகளில்தான் பிழைப்பு. தவறு வருமா என்று காத்திருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. சிலர் இதை மரியாதைக் குறைவு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதேபோல, ஒருமுறை மறுத்த பின் நிலை மாறாமலே திரும்பத் திரும்ப டிரா கேட்பதை விதிகள் எதிராளியைத் தொந்தரவு செய்வதாகவே பார்க்கின்றன. அவர் மறுபடி கேட்கவில்லை.

71வது நகர்வில் நடுவர்

58-க்குப் பிறகு கறுப்பு யானை அங்குமிங்கும் அலைந்தது. வெள்ளை யானை ஹெச்3, ஜி3, எஃப்3 என்று போய்வந்தது. இதே படத்தை மூன்று முறை பார்த்துவிட்டோம் என்று மாணவிக்குத் தோன்றியது. 71. யானை ஹெச்3 என்று எழுதினார், காயைத் தொடவில்லை, கடிகாரத்தை நிறுத்தினார், கை தூக்கினார். முறையில் ஒரு பிசகும் இல்லை.

நடுவர் இரண்டு ஸ்கோர்ஷீட்டுகளையும் வாங்கிக்கொண்டு வேறொரு பலகையில் நகர்வுகளை ஆடிப் பார்த்தார். ஆறு நிமிடம் போல ஆனது. 30 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி நிமிடத்திலும் நகர்வுகளை எழுதியே ஆக வேண்டும் என்பதால் இரண்டு தாள்களும் முழுமையாக இருந்தன. இல்லாவிட்டால் இப்படிச் சரிபார்க்கவே முடிந்திருக்காது.

கோரிக்கை தவறு. ராஜாக்கள், யானைகள், சிப்பாய் ஆகியவை அதே கட்டங்களில் மூன்று முறை அமைவது உண்மைதான். ஆனால் முன்பு வந்த இரண்டில் ஒன்றில் நகர வேண்டியது வெள்ளை, இப்போதோ யானை ஹெச்3-க்கு வந்த பின் நகர வேண்டியது கறுப்பு. விதிப்படி ஒரே நிலை என்றால் காய்கள் அதே கட்டங்களில் இருந்தால் போதாது. நகர வேண்டியவரும் அவரே இருக்க வேண்டும், கேஸ்லிங், ஆன் பாசான் போன்ற உரிமைகளும் அப்படியே இருக்க வேண்டும். ஆக அது இரண்டாம் முறைதான்.

விளைவு: எதிராளியின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டப்பட்டது. எழுதிய நகர்வையே மாணவி ஆட வேண்டும். ஆடினார்.

இங்கேயும் என் பாடத்தின் ஓட்டைதான். தொடக்க வரிசையில் மூன்று முறையும் வெள்ளையின் முறையிலேயே வருவதால் எண்ணுவது சுலபம். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. ‘யாருடைய முறை’ என்ற கேள்வியே அங்கே எழாது. யானைகள் ஒன்றுக்கொன்று வேறு தாளத்தில் போய்வரும் இறுதியாட்டத்தில் அதுதான் முதல் கேள்வி.

கோரிக்கை தள்ளுபடியானால் பலர் நிலைகுலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இவர் தண்ணீர் குடித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், அடுத்த நகர்வை ஆடினார். பிறகு அதைப் பற்றிக் கேட்டேன். “தப்பா சொன்னாலும் பரவால்ல சார், ஆறு நிமிஷம் ரெஸ்ட் கிடைச்சுது” என்று சிரித்தார். அதற்காகக் கோரக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

முடிவு

பொறுமை போனது எதிராளிக்குத்தான். 78... சி3. அந்தக் கணத்துக்காகத்தான் யானை காத்திருந்தது. 79. யானை ஹெச்8 ராஜா டி3. ஏ1-ல் செக்மேட் என்ற மிரட்டல். 80. யானை டி8 செக் ராஜா சி4 81. யானை சி8 செக் ராஜா பி3 82. யானை பி8 செக் ராஜா ஏ3 83. யானை ஏ8 செக் ராஜா பி3 84. யானை பி8 செக். எதிராளி கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டினார். மாணவியிடம் அப்போது 50 விநாடி, அவரிடம் ஆறு நிமிடம்.

அரைப் புள்ளி வந்தது. பிரிவில் மூன்றாம் இடம்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் வெளியே உட்கார்ந்து நிலைகளைப் பார்த்தார்கள். எதிராளி சொன்ன ஒன்று எனக்குப் பயன்பட்டது. 11வது நகர்வில் அவர் ஒன்பது நிமிடம் யோசித்தது எந்த நகர்வு நல்லது என்று அல்லவாம். முதல் பத்து நகர்வை மாணவி ஆடிய வேகத்தைப் பார்த்தே இவர் டிராவுக்கு வந்திருக்கிறார் என்று புரிந்துபோயிற்று, அதனால் கொஞ்சம் மோசமான நகர்வானாலும் சரி, வேறு பக்கம் திரும்புவது என்று முடிவு செய்தாராம். பாடமாக்கிய நகர்வுகளை இரண்டு விநாடிக்கு ஒன்றாக ஆடுவது எதிராளிக்கு எவ்வளவு தகவல் தருகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

மாற்றியவை

முதல் மாற்றம் எனக்கு. ஜோடிகள் வெளியானதும் மாணவியின் தேவையை எழுதும் அதே தாளில், பக்கத்தில், எதிராளியின் தேவையையும் எழுதுகிறேன். இருவருக்கும் அரைப் புள்ளி போதுமென்றால் பெர்லின் டிரா வரிசை மாதிரியான ஒன்று பொருந்தலாம். ஒருவருக்கு மட்டும் போதுமென்றால் பொருந்தாது, ஏனென்றால் நகர்வுகள் திரும்ப வர இருவரும் திரும்ப ஆட வேண்டும். இதை எழுதும்போது சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல இருக்கிறது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, எந்த வரிசையைக் கொடுத்தாலும் எதிராளி விலகக்கூடிய ஒவ்வொரு நகர்விலும் ஒரு நிலையை வைத்து, அங்கிருந்து என்னோடு பத்து நிமிடம் ஆட வேண்டும். 11... ராணி இ7, 11... மந்திரி இ6, 11... மந்திரி இ7 மூன்றையும் இப்போது மாணவி ஆடிப் பார்த்துவிட்டார். நேரம் இல்லையென்றால் புது வரிசையே வேண்டாம், பழகியதை ஆடட்டும். கடைசிச் சுற்றுக்கு முந்தைய இரவு பதினொன்றரை மணிக்குப் புது வரிசை கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது சின்னது. யானை இறுதியாட்டம் வந்ததும் மாணவி ஸ்கோர்ஷீட்டில் நகர்வுகளை எழுதிக்கொண்டே போவார், குறி எதுவும் போடமாட்டார். விளையாட்டின்போது குறிப்பு எழுதுவதற்குத் தடை இருப்பதால் அது சரிதான். அதனால் எண்ணுவதற்கு வேறு பழக்கம் வைத்துக்கொண்டோம்: தன் யானை அதே கட்டத்துக்குத் திரும்பும்போதெல்லாம் தாளில் மேலே பார்த்து, அந்த நகர்வுக்குப் பதில் நகர்வாக எதிராளி என்ன ஆடினார் என்பதையும் சேர்த்துப் படிப்பது. தன் நகர்வுப் பத்தியை மட்டும் பார்த்ததால்தான் 71-ல் ஏமாந்தார்.

மாற்றாமல் விட்டதும் ஒன்று உண்டு. வாராந்திர பத்து நிமிட பிலிடோர் பயிற்சி அப்படியே தொடர்கிறது. சலிப்பு பற்றிய புகார் மட்டும் நின்றுவிட்டது.

அடுத்த போட்டியின் நான்காவது சுற்றில் மறுபடி பெர்லின் வந்தது. 4. டி3 ஆடினார், 38 நகர்வில் தோற்றார். அந்த ஆட்டத்தை அலச எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, பாதி தவறான காரணங்கள்.